இரண்டாவது மாரடைப்பு: குணத்தின் பங்கு எவ்வளவு, பழக்கத்தின் பங்கு எவ்வளவு?

ஒருவருக்கு ஹார்ட் அட்டாக் வந்து, ஆஞ்சியோ பார்த்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டுப் போவார்கள். "எப்பப் பார்த்தாலும் டென்ஷன், அதான்" என்பார் ஒருவர். "கோவத்தைக் குறைச்சாலே போதும், மாத்திரையெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான்" என்பார் இன்னொருவர். "ஸ்டென்ட் வச்சாச்சுல்ல, இனி பயமே இல்ல" என்று மூன்றாமவர் தைரியம் சொல்வார். எல்லோரும் அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் இதையெல்லாம் அப்படியே நம்பி நடந்தால் இரண்டாவது அட்டாக்குக்கு நாமே வழி விட்டதாக ஆகிவிடும். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

மாரடைப்பு திரும்ப வருவதில் ஒருவருடைய சுபாவத்துக்குப் பங்கு உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் பெரும்பாலும் அது நம்மை என்ன செய்ய வைக்கிறது, எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்ற வழியாகத்தான் இதயம் வரைக்கும் போகிறது. சுபாவத்தை மாற்றுவது கஷ்டம். அந்த வழியை மறிப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

குழாய்க்குள் என்னதான் நடக்கிறது?

உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பும் இதயத்துக்கும் ரத்தம் வேண்டும். அதன் தசைக்கு ரத்தம் கொண்டுவருபவை, அதன் மேல் படர்ந்திருக்கும் கரோனரி குழாய்கள். அதில் ஒன்று திடீரென்று அடைபட்டு, அந்தப் பகுதித் தசை சாக ஆரம்பிப்பதுதான் மாரடைப்பு.

'திடீரென்று' என்பதைக் கவனியுங்கள். குழாயில் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து படிந்து ஒருநாள் மொத்தமாக அடைத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியானால் 90 சதவீத அடைப்பு உள்ளவருக்குத்தான் அட்டாக் வர வேண்டும். ஆனால் நேற்றுவரை மாடிப்படி ஏறியும் மூச்சு வாங்காதவருக்கும் வருகிறதே, எப்படி?

வெயில் காலத்தில் வரும் வேனல்கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வீங்கிச் சிவந்து பழுத்திருக்கும், மேலே மெல்லிய தோல் மூடியிருக்கும். எப்போது உடையும் என்று அதன் அளவை வைத்துச் சொல்ல முடியாது, மேல்தோல் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். கரோனரி குழாயின் சுவருக்குள்ளும் இப்படித்தான். கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுந்து, அங்கே வீக்கத்தை உண்டாக்கி, கட்டி போலத் தங்கிவிடுகிறது. இதைக் கொழுப்புப் படிவு என்கிறார்கள். மேலே ஒரு மெல்லிய மூடி. அந்த மூடி கிழிந்தால் உள்ளே இருப்பது ரத்தத்தின்மேல் படுகிறது. உடம்புக்கு அது ஒரு காயம், அவ்வளவுதான் தெரியும். உடனே தட்டணுக்கள் அங்கே ஓடிவருகின்றன. காயம் பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரத்தப்போக்கை நிறுத்தும் ரத்தத் துகள்கள்தான் தட்டணுக்கள். கையில் வெட்டுப்பட்டால் உயிரைக் காக்கும் அதே வேலையை அவை குழாய்க்குள் செய்துவிட, ரத்தம் உறைந்து குழாய் அடைபட்டுவிடுகிறது. குழாயைப் பாதிகூட மறைக்காத கட்டி உடைந்தும் பெரிய அட்டாக் வருவது இதனால்தான்.

சரி, ஸ்டென்ட் என்ன செய்கிறது? உடைந்த இடத்தை விரித்துத் தாங்கிப் பிடிக்கும் சின்னக் கம்பிவலை அது. அட்டாக் வந்த நேரத்தில் உயிரைக் காப்பாற்றும் அருமையான சிகிச்சை, சந்தேகமே வேண்டாம். ஆனால் அது ஒரு கட்டிக்கான வைத்தியம். மற்ற இடங்களில் உள்ள கட்டிகள் அப்படியேதான் இருக்கும். 2011இல் வெளியான ப்ராஸ்பெக்ட் என்ற ஆய்வில் இப்படிச் சிகிச்சை எடுத்துக்கொண்ட 697 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மறுபடியும் இதயத் தொல்லை வந்தது. பெரும்பாலானவர்கள் நெஞ்சுவலி கூடி மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. அந்தத் தொல்லைகளில் கிட்டத்தட்ட பாதி, முதலில் கைவைக்காத வேறு இடங்களிலிருந்து வந்தவை.

ஆக, மாரடைப்பு என்பது கட்டி உடைவதும் அதன்மேல் ரத்தம் உறைவதும். ஸ்டென்ட் ஒரு இடத்தைச் சரிசெய்கிறது. மற்ற கட்டிகளின் மூடியைக் கெட்டியாக்குவதும், உடைந்தாலும் ரத்தம் சட்டென்று உறையாமல் பார்த்துக்கொள்வதும் வீட்டுக்கு வந்த பிறகு தினமும் நடக்க வேண்டிய வேலை.

முதல் அட்டாக் வேறு கேள்வி, இரண்டாவது வேறு கேள்வி

ஆபத்துக் காரணி என்றொரு சொல் அடிக்கடி வரும். ஒரு விஷயம் இருப்பவர்களிடம் நோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். இருந்தால் வந்தே தீரும், இல்லாவிட்டால் வரவே வராது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "சிகரெட்டே தொடாதவருக்கு வந்துச்சே" என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதய மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. முதல் மாரடைப்புகளில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பது விஷயங்களைக் கொண்டு விளக்கிவிடலாம் என்று அது காட்டியது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை எல்லாம் அதில் உண்டு. மன அழுத்தமும் உண்டு. அதே ஆய்விலிருந்து தெரிந்த இன்னொன்று நமக்கு ரொம்ப முக்கியம். இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் முதல் அட்டாக் சராசரியாக 53 வயதில் வந்துவிடுகிறது, மற்ற இடங்களில் 58, 59இல். அப்படியானால் நம் ஆட்களுக்கு அட்டாக்குக்குப் பிறகும் இருபது, முப்பது வருட வாழ்க்கை பாக்கி இருக்கிறது. அதற்குள் இரண்டாவது வராமல் பார்த்துக்கொள்வது நமக்குத்தான் பெரிய வேலை.

முதல் அட்டாக்கைக் கொண்டுவந்த காரணங்களே இரண்டாவதையும் அதே கணக்கில் கொண்டுவரும் என்று நாம் தானாகவே நினைத்துக்கொள்கிறோம். டைப் ஏ என்று பேர் வைக்கப்பட்ட அவசர சுபாவத்தின் கதை அந்த நினைப்பைக் கலைத்துவிடும்.

டைப் ஏ: பாதி மட்டும் பரவிய கதை

1950களில் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் மேயர் ஃப்ரீட்மேன், ரே ரோசன்மேன் என்று இரண்டு இதய மருத்துவர்கள் இருந்தார்கள். தங்கள் நோயாளிகளில் பலரும் ஒரே மாதிரி ஆட்களாக இருப்பதைக் கவனித்தார்கள். எப்போதும் அவசரம், எதிலும் போட்டி, காத்திருக்கப் பொறுமை கிடையாது, அடுத்தவர் பேசி முடிப்பதற்குள் குறுக்கே பேசுவது, சட்டென்று எரிச்சல். இதற்கு டைப் ஏ என்று பேர் வைத்தார்கள். நிதானமான மற்றவர்கள் டைப் பி. பிறகு கலிஃபோர்னியாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆரோக்கியமான ஆண்களை எட்டரை வருடம் தொடர்ந்து பார்த்ததில், டைப் ஏ ஆட்களுக்கு இதய நோய் சுமார் இரண்டு மடங்கு வந்திருந்தது. உலகம் முழுக்க இது பரவிவிட்டது. நம் ஊரில் 'டென்ஷன் பார்ட்டிக்கு அட்டாக் வரும்' என்று சொல்பவர்கள் டைப் ஏ என்ற பேரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், ஆனால் சொல்வது அதைத்தான்.

கதையின் மறுபாதி அவ்வளவாகப் பரவவில்லை. அதே ஆய்வில் இதய நோய் வந்த 257 பேரும் அதற்கப்புறம் என்ன ஆனார்கள் என்று தேடி 1988இல் வெளியிட்டார்கள். முதல் நாளைத் தாண்டிப் பிழைத்தவர்களில், பின்னாளில் இதய நோயால் இறந்தது டைப் ஏ ஆட்களில் குறைவு, டைப் பி ஆட்களில் அதிகம்! நோய் வருவதற்கு முன்னால் கெடுதல் செய்ததாகச் சொல்லப்பட்ட குணம், வந்த பிறகு கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை. ஏன் என்பதற்கு உறுதியான பதில் இல்லை. மாத்திரை, நடை, செக்கப் என்று எதையும் விரட்டி விரட்டிச் செய்யும் சுபாவம் நோய் வந்த பிறகு உதவியிருக்கலாம் என்பது ஒரு ஊகம். இந்த ஆராய்ச்சிக்குச் சிகரெட் கம்பெனிகளின் பணமும் வந்திருக்கிறது என்பது பிற்பாடு அவர்களுடைய பழைய ஆவணங்களிலிருந்து தெரிந்தது. அட்டாக்குக்குக் காரணம் புகை இல்லை, குணம்தான் என்று ஜனங்கள் நம்பினால் யாருக்கு லாபம் என்று யோசித்தால் புரியும்.

ஆக, சுறுசுறுப்பாக ஓடியாடி வேலை பார்ப்பவரை அதற்காகவே பயமுறுத்த வேண்டியதில்லை. வேலைவெறியையும் வேகத்தையும் குற்றவாளி ஆக்கப் போதுமான ஆதாரம் இல்லை. ஆனால் டைப் ஏ என்ற மூட்டைக்குள் இருந்த ஒன்றை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியாது. அதுதான் கோபம்.

கோபம் உடம்பில் என்ன செய்கிறது

கோபம் வந்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, குழாய்கள் சுருங்குகின்றன, தட்டணுக்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வருகின்றன. மெலிந்த மூடியோடு ஒரு கட்டி இருக்கிறவருக்கு இந்த நேரம் நல்ல நேரமில்லை.

அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 1,623 பேரிடம் பேசிச் செய்து 1995இல் வெளியான ஆய்வில், கடுங்கோபம் வந்த அடுத்த இரண்டு மணி நேரத்தில் அட்டாக் வரும் வாய்ப்பு மற்ற நேரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஏதோ ஒரு இரண்டு மணி நேரத்தில் அட்டாக் வரும் வாய்ப்பு சாதாரணமாக மிகமிகக் குறைவு. அது இரண்டு மடங்கானாலும் குறைவுதான். எப்போதாவது ஒருநாள் கத்திவிட்டால் உடனே ஆபத்து என்று வீட்டில் எல்லோரும் நடுங்க வேண்டாம். தினம் நாலு தடவை கொதிக்கிறவருக்குத்தான் அந்தக் கணக்கு சேர்ந்துகொண்டே போகிறது.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் வேறு. ஆஸ்பிரின் வழக்கமாக எடுப்பவர்களுக்குக் கோபத்தால் கூடிய ஆபத்து, எடுக்காதவர்களைவிட மிகக் குறைவாக இருந்தது. அதே கோபம்தான். தட்டணு ஒட்டாமல் ஒரு மாத்திரை தடுத்துக்கொண்டிருந்ததால் அது போய்ச் சேரும் இடம் மாறியிருக்கலாம். கோபத்தைக் குறைத்தால் மாத்திரை வேண்டாம் என்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: முன்கோபிக்குத்தான் மாத்திரை இன்னும் அவசியம்.

(மாரடைப்பே வராதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக ஆஸ்பிரின் போட ஆரம்பிக்க வேண்டாம். வயிற்றிலும் மூளையிலும் ரத்தக்கசிவு வரலாம்.)

டைப் டி: உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்பவர்

'அவர் ரொம்ப சாது, அவருக்குப் போய் இப்படி' என்று நாம் சொல்வோமே, அந்த ஆட்களைப் பற்றி யோசித்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த உளவியலாளர் யோஹான் டெனொலெட். இரண்டு விஷயங்கள் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதைத்தான் டைப் டி என்றார். ஒன்று, எப்போதும் கவலை, எரிச்சல், எதிலும் கெட்டது நடக்கும் என்ற எண்ணம். இன்னொன்று, அதை யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் அடக்கிவைப்பது. கவலைப்பட்டாலும் புலம்பித் தீர்த்துவிடுபவர் டைப் டி இல்லை. பேச்சு குறைவாக இருந்தாலும் மனசு லேசாக இருப்பவரும் இல்லை.

ஆன்ட்வெர்ப் நகரில் 303 இதய நோயாளிகளைப் பல வருடம் கவனித்து 1996இல் அவர் வெளியிட்ட ஆய்வில், டைப் டி ஆட்களில் 27 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், மற்றவர்களில் 7 சதவீதம். அதிர வைக்கும் வித்தியாசம். ஆனால் பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் இந்த வித்தியாசம் நன்றாகச் சுருங்கியது, சிலவற்றில் காணவே இல்லை. அதனால் ஒருவரை 'நீ டைப் டி' என்று முத்திரை குத்திப் பயமுறுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை.

வேறு விதத்தில் இது பயன்படும். இத்தகையவர்கள் அறிகுறி இருந்தும் டாக்டரிடம் சொல்லாமல் விடுவதும், மாத்திரையை ஒழுங்காக எடுக்காமல் போவதும் சில ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. நம் வீடுகளிலும் பார்க்கிறோம். ரிவ்யூவுக்குப் போனால் டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்பார், இவர் "நல்லா இருக்கேன் சார்" என்பார், இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார். மாத்திரை போட்டால் கால் தசை வலிக்கிறது, அதனால் பத்து நாளாக நிறுத்திவிட்டேன் என்பதைச் சொல்லியே இருக்க மாட்டார். சொல்லியிருந்தால் டோஸைக் குறைத்தோ வேறு மாத்திரை மாற்றியோ கொடுத்திருப்பார்கள்.

எல்லோரும் கவனிக்கத் தவறும் மனச்சோர்வு

குணத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் மனச்சோர்வைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆதாரம் அதிகம் இருப்பது இதற்குத்தான். மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு வருகிறது. இது குணம் கிடையாது, ஒரு நிலை: வாரக்கணக்கில் எதிலும் ஈடுபாடு இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இனி என்ன இருக்கிறது என்று மனம் விழுந்துகிடப்பது. கனடாவின் மான்ட்ரியல் இதய மருத்துவமனையில் 222 நோயாளிகளைப் பார்த்து 1993இல் வெளியிட்ட ஆய்வில், அட்டாக்குக்குப் பின் மனச்சோர்வில் இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. 2014இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் நிபுணர் குழு, இதை ஆபத்துக் காரணியாகவே கருத வேண்டும் என்று பரிந்துரைத்தது.

மனசு சோர்ந்தால் இதயம் ஏன் கெட வேண்டும்? இதற்குச் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் ஆயிரத்துச் சொச்சம் இதய நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு, 2008இல் ஒரு தெளிவான பதில் தந்தது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இதயப் பாதிப்பு சுமார் ஒன்றரை மடங்கு வந்தது. ஆனால் அவர்கள் நடக்கிறார்களா, புகைக்கிறார்களா, மாத்திரை போடுகிறார்களா என்பதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்ததும் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. முக்கியமாக, உடம்பை அசைக்காமல் கிடப்பதுதான் பெரிய பங்கு வகித்தது. மனச்சோர்வில் தட்டணுக்களின் ஒட்டும் தன்மை கூடுவது போன்ற உடல் மாற்றங்களும் உண்டு. இருந்தாலும் பெரிய பாதை பழக்கங்கள் வழியாகத்தான் போகிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: வேகமும் போட்டியும் இரண்டாவது அட்டாக்கைக் கொண்டுவரும் என்பதற்கு ஆதாரம் பலவீனம், கோபத்துக்குக் கொஞ்சம் உண்டு, அடக்கிவைக்கும் சுபாவத்தில் கருத்து வேறுபாடு, மனச்சோர்வுக்கு வலுவாக உண்டு. எல்லாமே கடைசியில் தினசரிப் பழக்கங்களில்தான் வந்து நிற்கின்றன.

மாத்திரை, புகை, நடை, சாப்பாடு

மாத்திரையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் தவறுவது இதில்தான். ஸ்டென்ட் வைத்தவருக்குப் பொதுவாக ஒரு வருடம்வரை தட்டணு ஒட்டாமல் தடுக்கும் இரண்டு மாத்திரை இருக்கும். ஆஸ்பிரின் ஒன்று, க்ளோபிடோக்ரெல் அல்லது டைகாக்ரெலார் போல இன்னொன்று. முதல் மாதங்களில் இதை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துவிடலாம். பல் பிடுங்க வேண்டும் என்றால்கூட இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

அப்புறம் ஸ்டாடின் என்கிற கொழுப்பு மாத்திரை. இது ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் குறைப்பதோடு கட்டியின் மூடியையும் கெட்டிப்படுத்துகிறது. அதாவது உடையாமல் பார்த்துக்கொள்கிற வேலை. "டெஸ்ட் எடுத்தேன், கொலஸ்ட்ரால் நார்மல், அதனால நிறுத்திட்டேன்" என்று சொல்பவர்கள் ஏராளம். நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான். அதோடு, லேப் ரிப்போர்ட்டில் நார்மல் என்று அச்சடித்திருக்கும் அளவு ஊரில் எல்லோருக்குமானது. மாரடைப்பு வந்தவருக்குக் கெட்ட கொழுப்பான எல்டிஎல் 55க்கும் கீழே இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய இதய மருத்துவர்களின் வழிகாட்டுதல் 2019இலிருந்து சொல்கிறது. 95 என்று வந்தால் ரிப்போர்ட்டில் சிவப்புக் குறி இருக்காது, ஆனால் அவருக்கு அது அதிகம்.

2011இல் வெளியான ப்யூர் என்ற பன்னாட்டு ஆய்வில், இந்தியாவையும் சேர்த்து ஏழை நாடுகளில் இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் தேவையான மாத்திரைகளில் ஒன்றுகூட எடுக்கவில்லை. செலவு ஒரு காரணம், உண்மைதான். ஆனால் "இங்கிலீஷ் மருந்து சூடு", "கிட்னி போயிடும்", "நல்லாத்தானே இருக்கேன்" என்பவையும் காரணங்கள். இங்கேதான் சுபாவம் உள்ளே வருகிறது. அவசரக்காரர் ராத்திரி மாத்திரையை மறந்துவிடுவார். அடக்கிவைப்பவர் பக்கவிளைவைச் சொல்லாமல் நிறுத்துவார். மனம் சோர்ந்தவர் எதற்கு என்று விட்டுவிடுவார். வீட்டுக்காரருக்கு மணி தவறாமல் மாத்திரை எடுத்துக்கொடுக்கும் அம்மா தன்னுடையதைக் கடைசியாக நினைப்பார், விரதநாள் என்றால் அதுவும் போச்சு.

புகையில் பேரம் பேச இடமே கிடையாது. இதய நோய் வந்த பிறகு புகையை விட்டவர்கள் இறக்கும் வாய்ப்பு, விடாதவர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்று இருபது ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் காட்டினார்கள். "ஒண்ணே ஒண்ணுதான்" என்பவர்களுக்கு: ஒரு நாளைக்கு ஒரு சிகரெட் பிடித்தாலும், அது இருபது சிகரெட் தரும் கூடுதல் இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதியைத் தந்துவிடுகிறது. பீடி என்றாலும் விட்டுவைக்காது.

நடையில் இரண்டு துருவங்கள் உண்டு. பயந்த ஆள் கட்டிலை விட்டு இறங்க மாட்டார், குடும்பமும் "நீங்க அசையாதீங்க" என்று ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுக்கவிடாது. வேகமான ஆள் இரண்டாவது வாரமே தோட்டத்தில் மூட்டை தூக்கப் போய்விடுவார். இரண்டுமே தப்பு. டாக்டரிடம் கேட்டு, சில நிமிடங்களில் ஆரம்பித்து மெல்லக் கூட்டிக்கொண்டே போவதுதான் முறை. சாப்பாட்டில், முட்டையின் மஞ்சளுக்குப் பயப்படுகிற அளவுக்குத் தட்டு நிறைய வெள்ளைச்சோறுக்கும், ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்புக்கும், திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய்க்கும் பயப்படலாம். காயும் கீரையும் சுண்டலும் கூடட்டும்.

இதெல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும்? 41 நாடுகளில் 18,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், அட்டாக் போன்ற அவசர நிலைக்குப் பிறகு புகையையும் விடாமல், சாப்பாடு, நடையையும் மாற்றாமல் இருந்தவர்களுக்கு, புகையே பழகாமல் சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களைவிட ஆறே மாதத்தில் அட்டாக், பக்கவாதம், மரணம் வரும் ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆறு மாதம்தான். வருடக்கணக்கில் காத்திருந்து பார்க்கும் பலன் இல்லை இது.

அப்படியானால் சுபாவத்தை விட்டுவிடலாமா?

வேண்டாம், அதிலும் செய்யக்கூடியது இருக்கிறது. அதே ஃப்ரீட்மேன், அட்டாக் வந்த சுமார் ஆயிரம் பேரைக் கொண்டு ஒரு பயிற்சி நடத்தி 1986இல் முடிவை வெளியிட்டார். வேண்டுமென்றே நீளமான வரிசையில் போய் நிற்பது, மெதுவாகப் போகும் வண்டிகளின் பின்னாலேயே ஓட்டுவது மாதிரி பழக்கங்களைக் குழுவாகச் சேர்ந்து பழகினார்கள். நான்கரை வருடத்தில் பயிற்சி பெற்றவர்களில் 12.9 சதவீதம் பேருக்கு மறுபடி இதயப் பாதிப்பு வந்தது, வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 21.2 சதவீதம். ஸ்வீடனின் உப்சாலாவில் 362 பேருக்கு ஒரு வருடம் முழுக்கக் குழுவாக மனப்பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் (2011), மறு மாரடைப்பு 45 சதவீதம் குறைந்தது. ஆனால் அமெரிக்காவில் 2,481 பேரை வைத்து மனச்சோர்வுக்குச் சிகிச்சை கொடுத்த பெரிய ஆய்வில் (2003), மனம் தேறியது, இரண்டாவது அட்டாக்கோ மரணமோ குறையவில்லை. ஆகவே மனசைச் சரிசெய்தால் இதயம் தானாகச் சரியாகிவிடும் என்று உறுதி தர முடியாது. ஆனால் மனம் தேறுவதே பெரிய விஷயம்தானே, அதற்காகவே சிகிச்சை எடுக்கலாம். இதய நோயாளிகளுக்குப் பாதுகாப்பான மனச்சோர்வு மாத்திரைகளும் இருக்கின்றன.

வீட்டில் இருப்பவர்கள் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். கடந்த இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாள் மனசு கனமாக, நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? வழக்கமாகப் பிடித்த விஷயத்தில்கூட ஆர்வமே இல்லையா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் அடுத்த ரிவ்யூவில் டாக்டரிடம் சொல்லுங்கள். நோயாளி தானாகச் சொல்ல மாட்டார் என்றால் கூடப் போய் நீங்கள் சொல்லுங்கள். போகும்போது மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள், எது மிச்சம் இருக்கிறது என்று பார்த்தாலே எது தவறுகிறது என்று தெரிந்துவிடும்.

மறுபடி வலி வந்தால்

இரண்டாவது அட்டாக் முதலாவதைப் போலவே வரும் என்று காத்திருக்காதீர்கள். முதல் தடவை இடது கையில் வலி வந்தவருக்கு அடுத்த தடவை தாடை வலியாக, மேல்வயிற்று எரிச்சலாக, வெறும் வியர்வையும் மூச்சுத்திணறலுமாக வரலாம். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இப்படி வருவது இன்னும் சகஜம். கேஸ் என்று சோடா குடித்துவிட்டு விடியட்டும் என்று படுப்பதில்தான் பல உயிர் போகிறது. 108ஐக் கூப்பிடுங்கள், பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டாம். தமிழ்நாட்டில் 2023இலிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே நெஞ்சுவலியோடு வருகிறவர்களுக்கு முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்தில் அந்த நிலையம் எங்கே இருக்கிறது, ராத்திரியில் திறந்திருக்குமா என்பதை இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.